செகப்புப் பை வாங்காத தெரு

ஏனுங்க, சித்த காலைத் தூக்கிக்கறீங்களா? இந்தக் கட்டைப்பையை சீட்டுக்கு அடியில தள்ளிக்கறேன். ஆங், போதுமுங்க. நடுவுல வெச்சா கண்டக்டரு லக்கேஜ் போடுவேங்கறாரு. பொம்பளைங்களுக்கு டிக்கெட்டே இல்லீன்னு ஆன பொறவு பைக்கு மட்டும் என்னத்துக்குங்க டிக்கெட்டு?

கருவாடு இல்லீங்க. நீங்க மூக்கைச் சுளிக்கறது தெரியுது. எல்லாரும் கருவாடுன்னுதான் நெனைச்சுக்கறாங்க. போன தடவை பக்கத்துல உக்காந்த அம்மா ஒண்ணு, "நெத்திலியா, எங்க வாங்குனீங்க?"ன்னு கேட்டுச்சு. நானும் சந்தைலன்னு சொல்லிப் போட்டேன். என்ன பண்றதுங்க, கருவாடுன்னா கௌரவமாவாச்சும் இருக்குது.

அந்த சன்னலைச் சித்த தொறந்துடுங்க. மடியில என்னங்க அது, வலையா? கோழிக்கூண்டுக்குங்களா? நல்ல நெருக்கமா இருக்குது, கீரி கூடப் பூராது. எங்கூட்டுக்காரருகிட்ட இந்த மாதிரி வாங்கியாங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன், காதுலயே போட்டுக்க மாட்டாரு. இருங்க, கருவாடு இல்லீன்னா வேற என்னன்னு நீங்க கேக்கறதுக்குள்ள நானே சொல்லிடறேன். உங்களை இனிமே எங்க பாக்கப் போறேன்? யாருகிட்டயாவது சொல்லலீன்னா எனக்கு நெஞ்சு வெடிச்சுரும்.

என்ற அம்மா வூடு டவுனுலதானுங்க. இப்ப நாம பஸ் ஏறுனமே, அங்கதான். எங்கப்பாரைச் சொன்னா உங்களுக்கே தெரிஞ்சிருக்கும், லாரி ஆபீஸ் சென்னியப்பன். வெள்ளைச் சட்டையில ஒரு சுருக்கம் இருந்தாப் போட மாட்டாரு, திருப்பித் தேய்க்கக் குடுப்பாரு. அந்த மனுசனுக்கு வாதம் வந்து வலது பக்கம் பூராவும் விழுந்து போச்சு. படுத்த படுக்கைதான். எல்லாம் அம்மாதான் பாக்குது. பெரியவங்களுக்குப் போடறாங்களே, பேடு, அது இல்லாம ஒரு நேரம் ஆகாதுங்க. இந்தப் பைக்குள்ள இருக்கறது அதுதான். நல்லாக் கட்டியிருக்குது, பயப்படாதீங்க.

குப்பைவண்டிக்குக் குடுத்தா என்னன்னு கேப்பீங்க. குடுத்துட்டுத்தானுங்க இருந்துச்சு. அப்பவெல்லாம் தெரு மொனையில தொட்டி இருக்கும், கொண்டு போயிப் போட்டுட்டு வந்தா ஆச்சு. தொட்டியை எடுத்துட்டாங்க. பாட்டுப் போட்டுட்டு வண்டி வந்துச்சு, ரெண்டு பக்கெட்டுக்கு மாசக் காசு. செரி, அதையும் கட்டுனாங்க. அப்பறம் புதுசா ஒரு சட்டம் போட்டாங்க பாருங்க. பேடு, கிழிஞ்ச மெத்தை, ஒடஞ்ச கண்ணாடி இதெல்லாம் சும்மா எடுக்க மாட்டாங்களாம். முனிசிபாலிட்டியில விக்கிற செகப்புப் பையை வாங்கி, அதுல போட்டு, கேட்டுல தொங்க விடோணுமாம். ஒவ்வொரு பைக்கும் தனிக் காசு. வேற பையில போட்டா கைல தொட மாட்டாங்க.

அம்மா ஒருக்கா வாங்கித் தொங்க விட்டுச்சு. எதுத்தூட்டுப் பொம்பளை கோலம் போட்டுட்டே, "ஏனுங்கக்கா, லாரி ஆபீஸ்காரருக்கு இப்ப அந்த நெலமையா?"ன்னு உச்சுக் கொட்டிச்சாம். அம்மாவுக்கு ஆங்காரம் வந்துருச்சு. எனக்குப் போன் பண்ணி அழுவுது. "வசந்தா, பேடு வாங்கறதுக்கு ஒரு காசு, அதைத் தூக்கிப் போடறதுக்கு இன்னொரு காசா? காசு கூடக் கெடக்குது. இந்த மனுசன் கோமணத்தை நான் கேட்டுல கொடியேத்தி ஊருக்குக் காட்டோணுமா?"ன்னு கேக்குது. நான் என்ன சொன்னேன்னு நெனைக்கறீங்க? "விடும்மா, எல்லாரும் பண்றதுதானே"ன்னு சொல்லிட்டு, அடுப்புல பால் பொங்குதுன்னு போனை வெச்சுட்டேன். அதுக்கு மேல என்ன ஏதுன்னு கேக்கல. பெத்த மகள் கேட்டிருக்கோணும் இல்லீங்களா?

அதுக்கப்பறம் அந்தத் தெருவுல ஒரு கேட்டுலயும் செகப்புப் பை தொங்கி நான் பாத்ததில்ல. அத்தனை வூட்லயும் பச்சைக் கொழந்தை இருக்குது, வயசானவங்க இருக்கறாங்க. ஒடஞ்ச டம்ளரு இருக்காதா, கிழிஞ்ச தலகாணி இருக்காதா? ஆனா தெரு இருக்குதே, கண்ணுல ஒத்திக்கலாமாட்டம் சுத்தம். நான் வேற எங்கூர்ல போயிப் பெருமை அடிச்சுக்குவேன். எங்கூருன்னா மாமியாவூரு. வாய்க்காலுக்குக் கடைசி மடை எங்கூரு. "எங்கம்மா ஊர்ல போயிப் பாருங்க, ரோட்டுல ஒரு காயிதம் கெடக்காது, நீங்களுந்தான் இருக்கறீங்களே"ன்னு எங்கூட்டுக்காரரைக் குத்திக் காட்டுவேன். அவரு பாவம், சிரிச்சுக்குவாரு. இந்த வாயி இருக்குதே, இதுக்குத்தானுங்க முதல்ல சூடு வெக்கோணும்.

அந்த வாய்க்கால் டவுனு வழியாத்தான் வருது. தண்ணி நிறுத்துன காலத்துல காஞ்சு போயிக் கெடக்கும். மேல நின்னு பாத்தா நல்ல ஆழமான குழியாட்டந்தான் தெரியும். என்ற அம்மா பொறந்தது வானம் பாத்த ஊருங்க. அங்க பள்ளத்துல ஒண்ணைப் போட்டா அது அங்கியே கெடந்து மக்கும். வாய்க்கால்னா நாளைக்குத் தண்ணி வரும், வந்தா எல்லாத்தையும் தூக்கிட்டுப் போவும்னு அதுக்குத் தோணவே இல்லீங்க. சத்தியமாத் தோணியிருக்காது. தோணியிருந்தாப் பண்ணுமா? கடைசி மடையில மகளைக் கட்டிக் குடுத்திருக்கறது அதுக்குத் தெரியாதா?

எங்கூர்ல தண்ணி வர்ற அன்னைக்கு நோம்பி மாதிரிங்க. கடைசி மடைங்கறதுனால எல்லா ஊருக்கும் பாஞ்சு கடைசியாத்தான் எங்களுக்கு வரும். வந்து சேந்துருச்சுன்னா பொம்பளைங்க தலைக்குத் தண்ணி ஊத்திட்டு, தட்டத்துல தேங்காய் பழம், மஞ்சள், பூ எல்லாம் எடுத்துட்டு மடைக்குப் போவோம். முதத் தண்ணிக்குப் பூப்போட்டுக் கும்பிட்டுட்டுத்தான் மடையைத் தொறப்பாங்க. எங்க மாமியாதான் எப்பவும் தேங்காய் ஒடைக்கும். அது கை ராசியான கைன்னு ஊருக்கே நம்பிக்கை.

இந்தத் தடவையும் போயி நின்னமுங்க. தூரத்துலயே சலசலன்னு சத்தம். கொழந்தைங்க, "வந்துருச்சு, வந்துருச்சு"ன்னு குதிக்குதுங்க. முதல்ல நொரை வந்துச்சு. அப்பறம் செருப்பு, பாட்டிலு. அதெல்லாம் எப்பவும் வர்றதுதான்னு விட்டுட்டோம். அப்பறம் வந்துச்சு பாருங்க மூட்டை. ஒண்ணு ரெண்டில்ல, ஒண்ணு பின்னால ஒண்ணா வந்து மடை வாயில அடைச்சு நிக்குது. சிலது பிரிஞ்சு போயி உள்ள இருக்கறதெல்லாம் ஊதிப் போயி மொதக்குது. மாமியா கையில ஒடைச்ச தேங்காய் முடி அப்படியே இருக்குது. பூவை எங்க போடறது? எல்லாரும் மூக்கைப் பொத்திட்டு ஏழு தலைமுறையையும் சேத்துச் சாபம் உடறாங்க. நான்தானுங்க எல்லாத்துக்கும் மேல சத்தம் போட்டேன். "இதைப் பண்ணுன கை புழுத்துப் போவோணும்"னு சொன்னேன். என்ற வாயாலயே சொன்னேன்.

ஆம்பளைங்க கொக்கி போட்டு ஒவ்வொண்ணா இழுத்துக் கரையில போட்டாங்க. ஒரு மூட்டை என்ற காலுகிட்ட வந்து விழுந்துச்சு. உரச்சாக்கு. வாயைச் சீலைத் துணியைக் கிழிச்சு இறுக்கிக் கட்டியிருக்குது. கத்தரிப்பூக் கலரு, மாம்பழக் கலர் கரை. கரையில அன்னம் போட்டிருக்கும்.

எனக்குப் பாத்ததுமே தெரிஞ்சு போச்சுங்க. அந்தச் சீலை என்ற கண்ணாலத்துக்கு எங்க மாமியா எங்கம்மாளுக்கு எடுத்த சம்மந்திச் சீலை. கடையில மாமியாளே உக்காந்து, அதை எடு இதை எடுன்னு கடைக்காரனைப் பாடாப் படுத்தி எடுத்தது. "என்ற சம்மந்தி நெறத்துக்கு இதுதான் எடுப்பா இருக்கும்"னு சொல்லி எடுத்தது. அம்மாவும் எத்தனையோ வருசம் கட்டுச்சு. நைஞ்சு போச்சுன்னு கிழிச்சிருக்குது போல. ரெட்டை முடிச்சுப் போட்டு அதுக்கு மேல ஒரு சுருக்கு. எனக்குச் சின்ன வயசுல சோத்துப் போசியைத் துணியில கட்டிக் குடுக்குமே, அதே முடிச்சுதானுங்க.

கால் வெரலால மண்ணைத் தள்ளி அந்தத் துணி மேல போட்டேன். யாராச்சும் பாத்துருவாங்களோன்னு மாமியாளைப் பாத்தேன். அது என்னைப் பாக்கல, மூட்டையைத்தான் பாத்துட்டிருந்துச்சு. ஆனா மாமியாளுக்குக் கண்ணுல பொரைங்க, கலரெல்லாம் தெரியாது. அரிசியில கல்லுப் பொறுக்கும், வெத்தலைக் காம்பு கிள்ளும், அதெல்லாம் கைப்பழக்கம். அந்த வகையில தப்பிச்சேன்னு வெச்சுக்குங்க.

இதோட முடிஞ்சிருந்தாப் பரவாயில்லீங்க. கேவலம் இனிமேத்தான் இருக்குது.

வாய்க்கால் மேட்டுல ஒரு லைன் வூடு. மில்லுக்கு வேலைக்கு வந்த ஒரிசாக்காரப் பையனும் அவன் பொண்டாட்டியும் அதுல குடியிருந்தாங்க. அந்தப் பொண்ணு பேரு பனிதா. கைக்கொழந்தை வெச்சிருந்துச்சு. நம்ம பாசை அரைகொறையாப் பேசும், என்னைப் பாத்தா "அக்கா சாப்ட்டியா"ன்னு கேக்கும். சாப்பிடு, தண்ணி, பஸ்ஸு, இதெல்லாம் நான்தான் அதுக்குச் சொல்லிக் குடுத்தேன். மூட்டைக்குள்ள பேடு இருக்கறதைப் பாத்ததும் எவனோ ஒருத்தன், "கைக்கொழந்தைக்காரங்க அவிங்கதானப்பா, அவிங்க வேலைதான்"னு கெளப்பி உட்டுட்டான். அவ்வளவுதான், எல்லாரும் மேட்டுக்கு ஏறிட்டாங்க. எங்கூட்டுக்காரருந்தான்.

எங்க மாமியா ஒண்ணுதானுங்க கேட்டுச்சு. "ஏன்டா, கொழந்தைக்குப் போடறது இத்தாப் பெருசாடா இருக்கும்? கண்ணு இல்லியாடா உங்களுக்கு?"ன்னுச்சு. யாரு காதுல போட்டுக்கறாங்க? என்னைத் திரும்பிப் பாத்துச்சு. நானும் ஏதாச்சும் சொல்லுவேன்னு நெனைச்சிருக்கும் போல, கொஞ்ச நேரம் பாத்துட்டே இருந்துச்சு. நான் தட்டத்துல இருந்த பூவைச் சரி பண்ணிட்டிருந்தேன்.

அந்தப் பொண்ணு வாசல்ல நின்னு, "நஹி, நஹி, நான் இல்ல"ன்னு அழுவுது. கூட்டத்துல என்னைக் கண்டுபுடிச்சு, "அக்கா, சொல்லுக்கா"ங்குது. அக்கான்னு என்னைத்தானுங்க கூப்புட்டுச்சு. நான் எங்கூட்டுக்காரரு முதுகுக்குப் பின்னால போயி நின்னுட்டேன்.

லைன் வூட்டுச் சொந்தக்காரன் அவிங்களை மறுநாளே காலி பண்ணுன்னுட்டான். ஒரு ஆட்டோவுல ஃபேனு, கேஸ் அடுப்பு, ஒரு பிளாஸ்டிக் குடம், அவ்வளவுதான் சாமான். போற வழியில எங்க வாசல்ல ஆட்டோவை நிறுத்தி எறங்குச்சு. திட்டப் போவுதுன்னு நெனைச்சேன், திட்டிட்டுப் போயிருந்தாலாவது ஆறியிருக்கும். போன வாரம் நான் கொழம்பு ஊத்திக் குடுத்த தூக்குப்போசியைக் கழுவித் தொடைச்சு, திண்டு மேல வெச்சுட்டுப் போயிருச்சு. இன்னைக்கும் அந்தப் போசியை எடுத்துப் பொழங்க எனக்குக் கூசுது. பரண் மேல தூக்கிப் போட்டுட்டேன்.

நான் என்ன பண்ணியிருக்கோணும்ங்கறீங்க? எங்கம்மாதான்னு ஊரு முன்னால சொல்றதா? சம்மந்திக்கு எடுத்துக் குடுத்த சீலையிலயே பீத்துணியைக் கட்டி அனுப்பியிருக்கறான்னு பேரு வந்துச்சுன்னா, நான் அந்த வூட்ல எப்படிங்க சோறு திங்கறது? எங்கம்மா எந்த மூஞ்சியை வெச்சுட்டு எங்கூருக்கு வரும்? ஒரு பொம்பளைக்குப் பொறந்தவூட்டு மானம்தானுங்க பாதி பலம். அதைக் கையை விடச் சொன்னா எப்படி? நீங்களே சொல்லுங்க. வேண்டாம், சொல்லாதீங்க. நீங்க பாக்கற பார்வையே போதும்.

அம்மாகிட்டயும் கேக்க முடியல. அப்பாரைத் தூக்கி உக்கார வெச்சு முதுகு தொடைச்சு விட்டுட்டிருக்குது, இடுப்பு ஒடிஞ்சு போயி. அதுகிட்டப் போயி "இப்படிப் பண்ணிட்டியேம்மா"ன்னு எப்படிங்க கேக்கறது? ஒரு பொய்யைச் சொன்னேன். "வாய்க்கால் பாலத்துல கேமரா வெச்சிருக்காங்களாம்மா, குப்பை போடறவங்க போட்டோவைப் பேப்பர்ல போடறாங்களாம்"னேன். அம்மா மொகம் வெளிறிப் போச்சு. அடுத்த வாரம் போனா, மூட்டை மூட்டையாக் கட்டிக் குளிக்கற ரூம்ல அடுக்கி வெச்சிருக்குது. உள்ள நின்னு மூச்சு உட முடியல. "செகப்புப் பை நான் வாங்கித் தர்றம்மா"ன்னா, "கொடியேத்தறதுக்கா"ன்னு முறைக்குது. அப்பத்தான், "எங்கூர்ல வண்டிக்காரன் சும்மாவே எடுத்துக்கறான், என்கிட்டக் குடு"ன்னு சொல்லி வாங்கியாற ஆரம்பிச்சேன். வாரா வாரம் இதே பஸ்ஸு, இதே பை. இப்ப சீலையில கட்டறதில்ல, கயிறு வாங்கிக் குடுத்துட்டேன்.

இன்னைக்குப் போறப்ப இந்தப் பையில என்ன கொண்டு போனேன் தெரியுமுங்களா? புதுச் சீலை. எங்க மாமியா குடுத்து உட்டுச்சு. நோம்பியும் இல்ல, விசேசமும் இல்ல. "உங்கம்மாளுக்கு அந்தக் கண்ணாலச் சீலை கிழிஞ்சிருக்கும் அம்மிணி, இதைக் குடுத்துட்டு வா. அவ கஷ்டம் நமக்குத் தெரியாதா"ன்னு சொல்லுச்சு. பாருங்க, எத்தனை நல்ல மனசு! பாவம், ஒண்ணுந் தெரியாது அதுக்கு. தெரிஞ்சிருந்தா இப்படிக் குடுத்திருக்குமா?

ஏனுங்க அப்படிப் பாக்கறீங்க?

தெரியாதுங்க. பொரைதான் கண்ணுல. அன்னைக்குச் சாயந்தரம் அந்தக் குப்பையைக் கொளுத்தறப்ப மாமியாளே போயி, அந்தத் துணியை மட்டும் அவுத்துத் தனியா எடுத்து முதல்ல நெருப்புல போட்டுச்சுதான். எதுக்கத்தை அதையெல்லாம் தொடறீங்கன்னதுக்கு, "துணி நல்லாப் புடிச்சு எரியும்"னுச்சு. அவ்வளவுதான்... வேற ஒண்ணும் சொல்லல.

அட, நீங்க ஒண்ணு.

செரி உடுங்க. பாலம் வரப்போவுது, நான் அங்க எறங்கோணும். இல்லீங்க, எங்கூரு இன்னும் தள்ளி. இந்தப் பையை வூட்டுக்கு எப்படிங்க கொண்டு போறது? எங்கூர்லயும் இப்பக் காசுதான், வண்டிக்காரன் பிரிச்சுப் பாத்துத்தான் வாங்குவான். அதுனால இந்த ஓடைப் பள்ளத்துப் பாலத்துல எறங்கிக்கறது. பின்னால வர்ற மினி பஸ்ஸைப் புடிச்சுப் போயிக்குவேன். பாலத்துக்கு அக்கட்டால கருவேலங்காடு, ஆள் நடமாட்டம் இருக்காது. ஒண்ணும் பயம் இல்லீங்க, நான் நல்லா விசாரிச்சுட்டேன். இந்தப் பள்ளத்துத் தண்ணி எங்க வாய்க்காலுக்கு வரவே வராது. நேரா கெழக்க போயி ஏதோ குளத்துல விழுவுதாம். யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்ல.

இத்தனை நேரம் நானே லொடலொடன்னு பேசிட்டு வர்றேன், உங்களை ஒரு வார்த்தை கேக்கல பாருங்க. நீங்க எந்தூருங்க?

எது, மேட்டுப்புதூரா? குளத்தோரத்துல இருக்குதுங்களே, அதா?

எந்தக் குளம்... இந்தப் பள்ளம் போயிச் சேருமே, அந்தக் குளமுங்களா?

அப்ப அந்த வலை... கோழிக்கில்லீங்களா?

பள்ளம் குளத்துல சேர்ற எடத்துலயா? குறுக்கால கட்டறதுக்கா. ம். இப்பக் கொஞ்ச நாளாத்தான் வருதுங்களா? கயிறு போட்டுக் கட்டுன மூட்டையா...

...

இல்லீங்க கண்டக்டரு, பாலத்துல எறங்கல. ஆமா, சொன்னேன், இப்ப எறங்கல. நீங்க விசிலடிங்க, போலாம்.

காலை நல்லா நீட்டி உக்காருங்க. பையை நான் என்ற மடியில வெச்சுக்கறேன்.